ஹாஸ்கெல் நிரலை ஆக்டேவுக்கு மாற்றியபோது

அதிர்வு உணரிகளின் பதிவுகளை அலசும் ஒரு நிரலை ஹாஸ்கெல் மொழியில் எழுதி வைத்திருந்தேன். பெரிய நிரல் ஒன்றும் இல்லை. ஃபைலைப் படிக்கும், கெட்டுப்போன அளவீடுகளை ஒதுக்கும், மிச்சத்தை மென்மையாக்கும், அதிர்வு ஒரு வரம்புக்கு மேல் நிற்கும் பகுதிகளைப் பிரித்தெடுக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் நீளம், உச்சம், பரப்பு என்று எண்கள் தரும். கடைசியில் அந்தப் பகுதியின் வால் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதற்கு ஒரு தேய்வு மாறிலியை நியூட்டன் முறையில் கண்டுபிடிக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் இயந்திரவியல் பொறியாளர்கள். அவர்களிடம் இருப்பது ஆக்டேவ், மேட்லேப் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு மொழிகள். ஆகவே முழுவதையும் ஆக்டேவில் எழுத வேண்டும், அது மேட்லேப்பிலும் மாற்றமில்லாமல் ஓட வேண்டும் என்று முடிவானது.

இந்த மாதிரி வேலையில் முதலில் கைக்கு வருவது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் ஹாஸ்கெல் ஃபங்ஷன், எதிரே ஆக்டேவில் அதற்கு இணையானது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனைப் போடும் மேப் என்றால் அரேஃபன், எல்லா உறுப்புகளையும் ஒரே விடையாகச் சுருட்டும் ஃபோல்ட் என்றால் ஃபார் லூப், வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும் ஃபில்டர் என்றால் உண்மை, பொய் அரேயால் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் தர்க்க இண்டெக்ஸ். அட்டவணை வேண்டியதுதான், ஆனால் அதனால் தீர்கிற வேலை கொஞ்சம். ஹாஸ்கெல்லில் ஒரு ஃபங்ஷனின் டைப்பைப் பார்த்தாலே பல சங்கதிகள் தெரிந்துவிடும். வருவது ஒற்றை எண்ணா, லிஸ்ட்டா? மதிப்பு இல்லாமல் போக வாய்ப்பு உண்டா? பிழை வந்தால் எந்த வழியாக வெளியே வரும்? ஆக்டேவில் இவற்றில் எதையும் யாரும் எழுதுவதில்லை. அங்கே 5 என்ற எண்கூட ஒரு 1×1 மேட்ரிக்ஸ். கொடுத்த மேட்ரிக்ஸின் வடிவத்தைப் பார்த்து ஃபங்ஷன் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். டைப்பில் இருந்த வாக்குறுதிகளை இங்கே எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியில்தான் என் நேரம் பெரும்பாலும் போனது.

இரண்டு மொழிகளும் வந்த வழி வேறு. கிளீவ் மோலர் 1970களின் இறுதியில் மேட்லேப்பை எழுதியது, மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் என்ற மேட்ரிக்ஸ் நூலகங்களைப் பயன்படுத்தட்டும் என்றுதான். அதனால் மேட்ரிக்ஸ் மட்டுமே அதன் உலகம், நினைவகத்தில் எண்களை நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்குவதும் ஃபோர்ட்ரான் வழக்கம். ஆக்டேவ் 1992 முதல் அதே பாதையில் வளர்ந்தது. ஹாஸ்கெல்லின் முதல் வரையறை வெளியானது 1990இல். அது ஃபங்ஷன்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் லாம்டா கால்குலஸ் என்ற கணிதமுறையின் வழிவந்த மொழி. அங்கே மேட்ரிக்ஸ் என்ற சங்கதியே மொழிக்குள் கிடையாது, எல்லாம் ஃபங்ஷனும் டைப்பும்தான்.

முதலில் ஒப்பிட ஒரு வழி

ஒரு வரி மாற்றுவதற்கு முன்பே, இரண்டு பக்கத்து விடைகளையும் ஒப்பிட ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஹாஸ்கெல்லில் குயிக்செக் என்ற சோதனை நூலகம் இருக்கிறது. கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000இல் வெளியிட்டது. டைப்பைப் பார்த்துத் தானாகவே உள்ளீடுகளை உருவாக்கித் தரும். அதைக் கொண்டு நிறைய சின்னச் சின்ன சிக்னல்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஹாஸ்கெல் தரும் விடையையும் சேர்த்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினேன். ஆக்டேவ் அந்த ஃபைலைப் படித்து, தன் விடையை அதோடு ஒப்பிடும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஆக்டேவ் திரையில் காட்டுவது வழக்கமாக 5 இலக்கங்கள்தான். ஹாஸ்கெல்லில் எண்ணை டெக்ஸ்ட்டாக்கும் ஷோ, திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கும் அளவுக்குத் தேவையான இலக்கங்களை எழுதும். ஆக்டேவ் பக்கத்திலிருந்து எழுதும்போது 17 இலக்கங்கள் கேட்டுவாங்க வேண்டும். இரட்டைத் துல்லிய எண் ஒன்றை டெக்ஸ்ட்டாக்கி மீண்டும் எண்ணாக்கினால் பிட் மாறாமல் வர 17 போதும். முடிவிலியை ஹாஸ்கெல் முழுச் சொல்லாகவும் ஆக்டேவ் சுருக்கமாகவும் எழுதுவதால் அதையும் ஒரே மாதிரி ஆக்கினேன்.

காலி லிஸ்ட், ஒரே ஓர் உறுப்பு உள்ள லிஸ்ட் இரண்டும் குயிக்செக் அடிக்கடி தரும் உள்ளீடுகள். மாற்றிய நிரலில் வெளிப்பட்ட சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே வந்துவிட்டன. காரணம் கீழே.

நெடுவரிசை என்று முடிவு செய்வது

ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியின் 64 பிட் வடிவில் சாதாரண எண் லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்பும் 40 பைட் பிடிக்கும்: இணைப்புக்கு 24, பெட்டியில் உட்கார்ந்திருக்கும் எண்ணுக்கு 16. ஆக்டேவ் அரேயில் அது 8 பைட். அதனால் லிஸ்ட்டை எல்லாம் அரே ஆக்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. கேள்வி, கிடைவரிசையா நெடுவரிசையா என்பது. ஹாஸ்கெல் லிஸ்ட்டுக்கு இந்த இரட்டை வேடம் இல்லை.

இதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸிப்வித் நல்ல உதாரணம். இரண்டு லிஸ்ட்டுகளை உறுப்புக்கு உறுப்பு கழிக்கும் வரி ஆக்டேவில் வெறும் கழித்தல் குறி. ஒன்று 1×1000, மற்றது 1000×1 ஆக வந்துவிட்டால் ஆக்டேவ் பிழை சொல்லாது. இரண்டையும் விரித்து, 1000×1000 மேட்ரிக்ஸ் ஒன்றைப் பணிவாகத் தரும். அதற்குப் பின் வரும் வரிகளும் அதை ஏற்றுக்கொண்டு ஓடும். இந்தத் தானியங்கி விரிவு ஆக்டேவில் 2012இல் 3.6 பதிப்பிலும், மேட்லேப்பில் ஆர்2016பி பதிப்பிலும் வந்தது. அதற்கு முன் இதே வரி பிழையோடு நின்றிருக்கும். வசதிதான், ஆனால் மாற்றும் வேலையில் இருப்பவருக்கு அந்தப் பழைய பிழைச்செய்தியே நல்ல துணை என்பேன். நீளம் ஒத்துப்போகாதபோதும் வேறுபாடு உண்டு. ஸிப்வித் குட்டையான லிஸ்ட்டோடு சத்தமில்லாமல் நின்றுவிடும், ஒன்றின் நீளம் 1 ஆக இல்லாதவரை ஆக்டேவ் பிழை தரும். அங்கே ஆக்டேவ் பக்கம்தான் நியாயம்.

அடுத்தது ஃபார் லூப். அது உறுப்புகளின் மேல் ஓடுவதில்லை, நெடுவரிசைகளின் மேல் ஓடுகிறது. கிடைவரிசையைக் கொடுத்தால் ஒவ்வோர் எண்ணாக வரும். நெடுவரிசையைக் கொடுத்தால் லூப் ஒரே ஒரு முறை ஓடும், முழு நெடுவரிசையும் மாறிக்குள் வந்து உட்காரும். ஆகவே மதிப்புகளின் மேல் லூப் போடுவதையே விட்டுவிட்டேன். எப்போதும் 1 முதல் உறுப்புகளின் எண்ணிக்கை வரை இண்டெக்ஸின் மேல்தான்.

கூட்டல் இன்னும் குறும்பு. சம் ஃபங்ஷனுக்கு ஒரு மேட்ரிக்ஸ் கொடுத்தால் நெடுவரிசை வாரியாகக் கூட்டும். அந்த மேட்ரிக்ஸில் தற்செயலாக ஒரே ஒரு கிடைவரிசை இருந்தால்? அதை வெக்டர் என்று எடுத்துக்கொண்டு குறுக்கே கூட்டி ஒற்றை எண் தரும். பல சானல்கள் உள்ள பதிவில் ஒரே ஒரு அளவீடு மட்டும் இருக்கும்போது சானல்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிவிடும். சம், சராசரி எடுக்கும் மீன், பெரியதைத் தரும் மேக்ஸ் எல்லாவற்றுக்கும் எந்தத் திசை என்று வெளிப்படையாக எழுதுவதுதான் ஒரே வழி. மேக்ஸுக்கு மட்டும் திசை எண் மூன்றாவது இடத்தில் வரும், நடுவில் காலி மேட்ரிக்ஸ் வைக்க வேண்டும். பார்க்க அசிங்கம், பரவாயில்லை.

எல்லா சிக்னலும் நெடுவரிசை, நேரம் கீழ்நோக்கி, சானல்கள் குறுக்கே. இந்த விதியை ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் ஒரு சோதனையாக எழுதினேன்: நெடுவரிசை இல்லையென்றால் அங்கேயே பிழை. ஹாஸ்கெல்லில் கம்பைலர் பார்த்துக்கொண்டதை இங்கே ஓடும் நேரத்தில் நாம் பார்க்கிறோம்.

ரெக்கார்டுகளின் லிஸ்ட்டுக்கும் இதே திருப்பம்தான். ஹாஸ்கெல்லில் பகுதி என்பது ஒரு ரெக்கார்டு, விடை ரெக்கார்டுகளின் லிஸ்ட். அதை ஆக்டேவில் ரெக்கார்டுக்கு இணையான ஸ்ட்ரக்ட்களின் அரே ஆக்கினால் வரிக்கு வரி பொருந்தும், ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரே ஸ்ட்ரக்ட், அதற்குள் நீளங்களின் நெடுவரிசை, உச்சங்களின் நெடுவரிசை என்று வைத்தபோது பின்னால் வந்த ஃபங்ஷன்கள் பாதியாகச் சுருங்கின.

இல்லாத மதிப்பு

மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று சொல்ல ஹாஸ்கெல்லில் மேபி என்ற டைப் உண்டு. கெட்ட அளவீடு அதில் நத்திங், அதாவது ‘மதிப்பு இல்லை’ என்று வரும். ஆக்டேவில் அதற்குப் பழக்கமான இடம் நேன், அதாவது எண் அல்லாத மதிப்பு. நத்திங் இருக்கும் இடத்தில் எல்லாம் நேன் வைத்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் நத்திங்கைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோக ஹாஸ்கெல் விடாது. நேன் விஷயத்தில் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் வழக்கம் வேறு. மேக்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் மற்ற எண்களில் பெரியதைத் தரும். சம் நேன் ஆகிவிடும். பெரிதா, சிறிதா, சமமா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய்தான் வரும், ஆகவே வரம்புக்கு மேலே உள்ள பகுதியின் நடுவில் ஒரு நேன் இருந்தால் பகுதி இரண்டாக உடையும். எல்லாவற்றையும்விட மோசம் மென்மையாக்கும் வரி. அங்கே ஒவ்வொரு மதிப்பும் முந்தைய மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஒரே ஒரு நேன் போதும், அதற்குப் பின்னால் கடைசி வரை எல்லாம் நேன்.

என் ஹாஸ்கெல் நிரல் கேட்மேபீஸ் போட்டு நத்திங்குகளை முதலிலேயே களைந்துவிடும். அதையே ஆக்டேவிலும் செய்தேன்: படித்தவுடன் நேன் உள்ள இடங்களை நேரத்தோடு சேர்த்தே நீக்குவது, அதற்குப் பின்வரும் எந்த ஃபங்ஷனுக்குள்ளும் நேன் நுழையாது என்று வாசலில் சோதிப்பது. நேனைக் கடைசி வரை தூக்கிச் சுமக்கும் பாணியும் உண்டு, பலர் அதைத்தான் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப முந்தைய மதிப்பைச் சார்ந்திருக்கும் கணக்கு நிரலில் இருந்தால் அது வேண்டாம்.

அளவீடு ஏன் கெட்டது என்பதும் வேண்டியிருந்தது. உணரி அணைந்திருந்ததா, வரம்பு மீறலா, வரியே சிதைந்ததா? ஹாஸ்கெல்லில் இது மூன்று வகைகள் கொண்ட ஒரு டைப். ஆக்டேவில் சிக்னலுக்குப் பக்கத்தில் அதே நீளத்தில் ஒரு குறியீட்டு நெடுவரிசை வைத்தேன். 8 பிட் குறியில்லா முழு எண்ணாக வைப்பதுதான் முதலில் தோன்றும். அங்கே இரண்டு கண்ணிகள். முழு எண் டைப்புகள் எல்லை தாண்டினால் சுற்றி வராது, எல்லையிலேயே ஒட்டிக்கொள்ளும், அதாவது 0 கழித்தல் 1 என்பது 0தான். மேலும் சாதாரண எண்ணையும் இந்த 8 பிட் எண்ணையும் ஓர் அரேயில் சேர்த்தால் முழு அரேயும் 8 பிட் ஆகிவிடும். அடுத்த பகுதியில் வரும் கணக்குக்கு −1 கட்டாயம் தேவை, இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த −1கள் எல்லாம் 0 ஆகிப் பகுதிகளின் முடிவே கிடைக்காது. நினைவகம் மிச்சம் செய்கிற ஆசை இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சாதாரண இரட்டைத் துல்லிய எண்ணாகவே வைத்துக்கொள்வது நிம்மதி.

பகுதிகளைப் பிரித்தல்

குரூப்பை ஹாஸ்கெல்லில் ஒரே வரி: வரம்புக்கு மேல், கீழ் என்பதை வைத்து லிஸ்ட்டைத் துண்டாக்கு, மேலே உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொள். இதை ஆக்டேவில் லூப்பாகவும் எழுதலாம். ஆனால் அரே மொழியில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு, மாற்றும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒவ்வோர் அளவீடும் வரம்புக்கு மேலா என்பதை 0, 1 ஆக எழுதுங்கள். உதாரணமாக 0 1 1 0 1. இரண்டு முனையிலும் ஒரு 0 சேருங்கள்: 0 0 1 1 0 1 0. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் எடுத்தால் 0, 1, 0, −1, 1, −1. இதில் 1 இருக்கும் இடங்கள் 2, 5. அவைதான் பகுதிகளின் தொடக்கம். −1 இருக்கும் இடங்கள் 4, 6. ஒன்று கழித்தால் 3, 5. அவை முடிவுகள். ஆக 2 முதல் 3 வரை ஒரு பகுதி, 5இல் ஒற்றை அளவீடாக இன்னொன்று. முனைகளில் சேர்த்த 0கள் இருப்பதால் பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளும் தப்பாது, தொடக்கங்களும் முடிவுகளும் எப்போதும் சம எண்ணிக்கையில் இருக்கும். காலி சிக்னலுக்குக்கூட இது சரியாக வேலை செய்யும்: இரண்டு 0கள், வித்தியாசம் 0, பகுதிகள் இல்லை.

ஹாஸ்கெல்லில் துண்டுகள் உண்மையிலேயே தனி லிஸ்ட்டுகள். இங்கே துண்டு என்பது இரண்டு இண்டெக்ஸ்கள் மட்டும், சிக்னல் வெட்டப்படாமல் அப்படியே கிடக்கிறது. பகுதியின் நீளம் வேண்டுமானால் முடிவு கழித்தல் தொடக்கம் கூட்டல் 1, எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே வரியில். உச்சத்துக்கு மட்டும் ஒரு ஃபார் லூப் வைத்தேன். அரேஃபன் போட்டு லூப்பை மறைக்கலாம், ஆனால் ஆக்டேவில் அதனால் வேகம் கூடுவதில்லை, பல நேரம் குறையும். லூப் எழுதினால் பாவம் என்று நினைக்கும் ஹாஸ்கெல் மனதுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

உச்சத்தில் காலி அரே பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. காலி லிஸ்ட்டின் மேக்ஸிமம் ஹாஸ்கெல்லில் பிழையோடு நிற்கும். ஆக்டேவில் காலி அரேயின் மேக்ஸ் இன்னொரு காலி அரே. அதை விடைகளின் வாலில் ஒட்டினால் எதுவும் ஒட்டாது, விடை அரே ஓர் உறுப்பு குறைந்து, அதற்குப் பின் எல்லாம் ஓர் இடம் தள்ளி உட்காரும். நிபந்தனையில் வந்தால் காலி அரே பொய் என்று எடுத்துக்கொள்ளப்படும். வாலில் ஒட்டிக்கொண்டே போவதை விட்டு, விடை அரேயைத் தேவையான நீளத்தில் முன்பே உருவாக்கி இடம் சொல்லி நிரப்பினால் இது பிழையாக வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் முழு அரேயையும் நகலெடுக்கும் செலவும் மிச்சம்.

கடைசி பிட்

மென்மையாக்குவது, முந்தைய விடையிலிருந்து அடுத்ததைக் கணக்கிட்டுக்கொண்டே போகும் ஸ்கேன்எல் கொண்டு எழுதியது: பழைய மதிப்போடு, புதியதுக்கும் பழையதுக்கும் உள்ள வித்தியாசத்தில் ‘அ’ என்ற பங்கைக் கூட்டு. ஸ்கேன்எல் தொடக்க மதிப்பையும் சேர்த்து ஓர் உறுப்பு அதிகமாகத் தரும். தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகும் கம்சம் மாதிரியான ஆக்டேவ் ஃபங்ஷன்கள் அப்படித் தராது, அவை தொடக்க மதிப்பு இல்லாத ஸ்கேன்எல்1 வகை. இது முதலில் சரிசெய்ய வேண்டியது.

ஆக்டேவிலும் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. ஹாஸ்கெல் ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது சிக்னல் துறையின் டிஜிட்டல் ஃபில்டர், நம் ஸ்கேன்எல் வேலையைத்தான் அது செய்கிறது. முன்பக்கக் குணகம் அ, பின்பக்கக் குணகங்கள் 1, −(1−அ), தொடக்க நிலை (1−அ) பெருக்கல் தொடக்க மதிப்பு. இவ்வளவு கொடுத்தால் முழு சிக்னலும் ஒரே அழைப்பில் முடியும். லூப்பைவிடப் பல மடங்கு வேகம்.

விடைகளை ஒப்பிட்டபோது எண்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் சில சிக்னல்களில் ஒரு பகுதி ஒரு பக்கம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. காரணம் தேட வேண்டிய இடம் சூத்திரத்தின் வடிவம். ஹாஸ்கெல் கணக்கிடுவது பழையது + அ × (புதியது − பழையது). ஃபில்டர் கணக்கிடுவது அ × புதியது + (1 − அ) × பழையது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. மிதவைப்புள்ளி எண்களில் ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் 53 பிட்டுக்குச் சுருக்கப்படுவதால் கடைசி பிட்டுகள் வேறாகும். 1க்கு அருகில் ஒரு படி என்பது சுமார் 2.22 × 10⁻¹⁶. சாதாரணமாக யாருக்கும் அது பொருட்டில்லை.

இங்கே பொருட்டாகியது. உணரி தரும் எண்கள் தொடர்ச்சியானவை அல்ல, அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும்போது படிப்படியாகத்தான் வரும். சிக்னல் ஒரு படியில் நிலையாக நின்றால் மென்மையாக்கிய மதிப்பு அந்தப் படியைக் கீழிருந்து நெருங்கும். முதல் சூத்திரத்தில், கூட்ட வேண்டிய அளவு கடைசி பிட்டின் பாதிக்கும் குறைந்தவுடன் கூட்டலால் எந்த மாற்றமும் வராது. அ 0.1 என்றால் இலக்குக்கு நான்கைந்து பிட் படிகள் கீழேயே நின்றுவிடும், எவ்வளவு நேரமானாலும் இலக்கைத் தொடாது. இரண்டாம் சூத்திரம் வேறோர் இடத்தில் நிற்கும். வரம்பும் அதே படியின் மதிப்பாக இருந்து, நிபந்தனை வரம்பைத் தொட்டாலும் சரி என்று எழுதியிருந்தால், பகுதி இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்த நான்கைந்து பிட்டுகள்தான்.

ஒப்பிடும்போது சகிப்பு எல்லையைத் தளர்த்தினால் இது தீராது, ஏனென்றால் வேறுபடுவது பகுதிகளின் எண்ணிக்கை. வரம்பை இரண்டு டிஜிட்டல் படிகளுக்கு நடுவில் வைப்பதே முறையான தீர்வு. அதை ஹாஸ்கெல்லிலும் ஆக்டேவிலும் சேர்த்தே செய்தேன். பழைய நிரலிலேயே இந்தப் பலவீனம் இருந்திருக்கிறது, இன்னொரு மொழியில் எழுதிப் பார்க்காமல் அது வெளியே வந்திருக்காது.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஃபங்ஷனையும் முதலில் ஹாஸ்கெல் சூத்திரத்தை அதே வரிசையில் பின்பற்றும் மந்தமான லூப்பாக எழுதுவது, பிட் மாறாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்திய பிறகு வேகமான வடிவம், அப்போது எண்களுக்கு 10⁻¹² என்ற சார்புச் சகிப்பு, எண்ணிக்கைகளுக்கும் இண்டெக்ஸ்களுக்கும் சகிப்பே கிடையாது. இரண்டு படிகளையும் சேர்த்துத் தாண்டினால், வித்தியாசம் வரும்போது அது மாற்றியதில் உள்ள பிழையா மிதவைப்புள்ளியின் வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேட்லேப்பில் சம் ஃபங்ஷனே பெரிய அரேயைத் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டக்கூடும் என்பதால் அங்கே பிட் பொருத்தம் எதிர்பார்க்க வேண்டாம்.

சோம்பல் மதிப்பீடு

ஹாஸ்கெல் ஒரு மதிப்பைக் கேட்கும்போதுதான் கணக்கிடும், ஆகவே முடிவில்லா லிஸ்ட்டும் அங்கே சாத்தியம். நியூட்டன் முறைக் கணக்கு அங்கே இட்டரேட் தரும் அப்படி ஒரு லிஸ்ட். அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் நெருங்கியவுடன் எடுத்துக்கொள்ளும் வரி தனியாக இருந்தது. 2இன் வர்க்கமூலத்துக்கு 1இலிருந்து தொடங்கினால் 1.5, 1.41667, 1.414216 என்று விரைவாக நெருங்கும் அதே முறைதான். மதிப்புகளை உருவாக்குவதும் எங்கே நிறுத்துவது என்பதும் தனித்தனியாக இருப்பது அந்த மொழியின் அழகு. ஆக்டேவில் இரண்டும் ஒரே வைல் லூப்புக்குள் கலந்துவிடும். போனது அழகு, வந்தது ஒரு லாபம்: லூப் எழுதும்போதே அதிகபட்சச் சுற்றுகளுக்கு ஒரு கணக்கு வைத்தேன். ஹாஸ்கெல் வடிவம், நெருங்காத உள்ளீடு வந்தால் நிற்காமல் ஓடியிருக்கும்.

ஹாஸ்கெல் ஃபங்ஷனின் அடியில் வேர் (where) என்ற சொல்லுக்குக் கீழே எழுதிய பெயர்கள் இன்னொரு விஷயம். ஹாஸ்கெல்லில் அவை தேவைப்பட்டால்தான் கணக்கிடப்படும், ஆகவே காலிப் பகுதிக்கு உச்சம் என்ற வரி எழுதியிருந்தாலும் அதைக் கேட்காதவரை ஆபத்தில்லை. ஆக்டேவில் வரிகள் மேலிருந்து கீழாக எல்லாமே ஓடும். ஒவ்வொரு வேர் (where) பட்டியலையும் படித்து, எது எந்த நிபந்தனைக்குள் போக வேண்டும் என்று பார்த்து நகர்த்த வேண்டும்.

தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்களை லூப்பாக மாற்றியே ஆக வேண்டும். ஆக்டேவின் இயல்பான ஆழ எல்லை 256, மேட்லேப்பில் 500.

மற்ற சின்ன வேறுபாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெல்லின் ரவுண்ட் 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும், அதாவது நடுவில் வந்தால் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். ஆக்டேவ் 0விலிருந்து விலகிப் போகும், 2.5 என்றால் 3. ஹாஸ்கெல்லில் 1.0 முதல் 3.5 வரை என்று தசம எண் வரிசை கேட்டால் 4.0உம் வரும், ஏனென்றால் எல்லையோடு அரைப்படி கூட்டிப் பார்க்கும். ஆக்டேவ் 3இல் நிற்கும். லிஸ்ட்டின் தொடக்கத்திலிருந்து சில உறுப்புகளை எடுக்கும் டேக், கேட்டதைவிட லிஸ்ட் குட்டையாக இருந்தால் இருப்பதைத் தரும், ஆக்டேவில் 1 முதல் அந்த எண் வரை என்று எழுதினால் பிழை. தொடக்கத்தை விட்டு மிச்சத்தைத் தரும் டிராப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லை தாண்டினால் காலி அரே வரும். ஒற்றை மேற்கோள் குறியால் செய்யும் டிரான்ஸ்போஸ், சிக்கல் எண்களின் கற்பனைப் பகுதியின் குறியையும் மாற்றிவிடும். வெறும் திருப்பல் வேண்டுமானால் முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

எதிர்பாராமல் அப்படியே தங்கியது மாறாத்தன்மை. ஆக்டேவும் மேட்லேப்பும் அரேக்களை மதிப்பாகத்தான் கொடுக்கின்றன. எழுதும்போதுதான் நகல் எடுக்கும் என்றாலும், வெளியே இருக்கும் அரேயை உள்ளே இருக்கும் ஃபங்ஷன் கெடுக்க முடியாது. பெயரில்லா ஃபங்ஷன்களும் உருவாகும் நேரத்து மதிப்பையே பிடித்து வைத்துக்கொள்கின்றன, ஆகவே சில உள்ளீடுகளை மட்டும் முன்பே கொடுத்து வைக்கும் ஹாஸ்கெல் அழைப்புகள் எல்லாம் அப்படியே மாறின. ஒரே நினைவகத்தைப் பல பெயர்கள் பகிரும் நம்பை என்ற பைத்தான் நூலகத்துக்கு இதே நிரலை மாற்றியிருந்தால் இந்த நிம்மதி கிடைத்திருக்காது. ஹாஸ்கெல்லின் ஃபங்ஷன் இணைப்புச் சங்கிலியை இங்கே ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயராக உடைத்தேன். அதனால் பொறியாளர்கள் நடுவில் எந்தப் படியையும் வரைந்து பார்க்க முடிகிறது, ஹாஸ்கெல் நிரலில் எனக்கே அந்த வசதி இல்லை.

எதிர்த்திசையில் கொஞ்சம்

ஆக்டேவ் நிரலைக் கையில் வாங்கிய பிறகு அவர்கள் ஒரு வரி சேர்த்தார்கள்: ஒவ்வொரு சானலிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுப்பது. ஒப்பீட்டுக்கு ஹாஸ்கெல் பக்கமும் அது வேண்டும். ஆக்டேவில் ஒரே வரி, ஆனால் அந்த வரிக்குள் எவ்வளவு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பது ஹாஸ்கெல்லில் எழுதும்போதுதான் தெரிந்தது. சராசரி எந்தத் திசையில்? லிஸ்ட்டுகளின் லிஸ்ட்டில் வெளியே இருப்பது நேரமா சானலா? விரிவாக்கம் எந்தப் பக்கம் நடக்கிறது? டைப் இவை ஒவ்வொன்றையும் கேட்காமல் விடாது. திட்டவிலக்கத்தில் ஆக்டேவ் இயல்பாக வகுப்பது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து. ஒரே அளவீடு இருந்தால் அந்தச் சூத்திரம் 0/0, ஹாஸ்கெல்லில் நேராக எழுதினால் நேன் வரும். ஆக்டேவ் அங்கே 0 என்று தருகிறது. வகுத்த பிறகு இரண்டு பக்கமும் நேன்தான், ஆனால் திட்டவிலக்கத்தையும் தனியாக அறிக்கையில் எழுதுவதால் ஹாஸ்கெல்லில் அந்த ஒரு நிலைக்குத் தனி வரி வைத்தேன்.

இன்னொன்று, மணிவாரியாகப் பகுதிகளைத் தொகுக்கும் அக்யும்அரே. ஹாஸ்கெல்லில் அது, முன்பு சொன்ன மேப் ஃபங்ஷன் அல்லாமல் மேப் என்றே பெயருள்ள அகராதி டைப்பின் ஃப்ரம்லிஸ்ட்வித். எண்ணிக்கைக்கும் கூட்டலுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு மணியிலும் முதலில் வந்த பகுதி எது என்பது போல வரிசை முக்கியமான கேள்வி வந்தால் கவனம் வேண்டும். இண்டெக்ஸ்கள் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் ஒரு குழுவுக்குள் மதிப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு அக்யும்அரே உறுதி தருவதில்லை. ஃப்ரம்லிஸ்ட்வித்தோ புதிய மதிப்பை முதல் இடத்திலும் பழையதை இரண்டாம் இடத்திலும் தருகிறது. இரண்டு பக்கமும் முதலில் நேரத்தால் வரிசைப்படுத்தி, பிறகு தொகுத்தோம்.

இப்போது ஹாஸ்கெல் நிரல் உள்ளீடுகளையும் எதிர்பார்க்கும் விடைகளையும் தயாரிக்க மட்டும் ஓடுகிறது. ஆக்டேவ் பக்கம் ஏதாவது மாறினால் அந்த ஃபைல்களோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்கிறோம், ஆக்டேவில் ஒரு முறை, மேட்லேப்பில் ஒரு முறை. இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால் கூட்டிச் சேர்க்கும் += குறி, ஆச்சரியக்குறியால் மறுப்பது, இஃபுக்கும் ஃபாருக்கும் தனித்தனி முடிவுச் சொற்கள் போன்ற ஆக்டேவுக்கே உரிய வசதிகளைத் தொடவில்லை. ஸ்கிரிப்ட்டுக்குள் ஃபங்ஷன் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வழக்கம் வேறு என்பதால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு தனி ஃபைல். மந்தமான லூப் வடிவங்களையும் அழிக்கவில்லை, டெஸ்ட் ஃபோல்டரில் வேகமான வடிவங்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன.